வேனில் போன பை

நெடுந்தூரம் நடந்தால் உன்னை நீயே கண்டுகொள்வாய் என்று எங்கள் நடைபயணக் குழுவில் வருடாவருடம் எவனாவது ஒருத்தன் மைக்கில் சொல்வான். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானும் நடந்தேன். கண்டுகொண்டேன். பார்க்கச் சகிக்கவில்லை.

அனுமந்தன்பட்டியிலிருந்து வேளாங்கண்ணிக்குப் பத்து நாள் நடை. காவி உடுத்தி, மாதா சப்பரத்தைத் தள்ளிக்கொண்டு நாற்பது பேர் போவோம். சாமான்களெல்லாம் வேனில் முன்னால் போய்விடும். பெரியகுளம் தாண்டும்வரை எல்லோரும் பாடுவார்கள். அதற்கப்புறம் யாருக்கு எங்கே கொப்புளம் என்கிற பேச்சுதான்.

மூன்று வருடத்துக்கு முன் என் அண்ணனும் வந்தார். சர்க்கரைக்காரர். நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் மதினி ஆபரேசனில் பிழைத்தால் ஓர் அடிகூட வண்டி ஏறாமல் நடந்து வருவேன் என்று மாதாவிடம் வேண்டியிருந்தார். மதினி பிழைத்துவிட்டார். எங்கள் இருவர் துணியையும் அண்ணனுடைய மாத்திரையையும் ஒரே பையில் கட்டிக் கொடுத்து, "தம்பி, ஒங்கள நம்பித்தான் அவுகள விடுறேன்" என்றார்.

ஏழாம் நாள் தஞ்சாவூர் தாண்டி ஒரு டீக்கடையில் அண்ணன் உட்கார்ந்துவிட்டார். பெருவிரலுக்குக் கீழே கொப்புளம் உடைந்து துணியெல்லாம் நனைந்திருந்தது. சப்பரம் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"ஏலே, மெதுவாப் போவோம்டா. ரெண்டு நாள் பிந்துனா என்ன?"

"கொடியேத்தம் போயிரும்ணே."

"கொடி எங்க போகப்போகுது? திருநா முடியுற மட்டும் அங்கனதான பறக்கும்."

டீக்கடைக்காரர் சிரித்தார். எனக்கு ஆத்திரம் வந்தது. ஒன்பது வருடமாக நான் ஒரு கொடியேற்றத்தையும் விட்டதில்லை. ஊரில் அதுதான் என் பெருமை.

"நீ பஸ்ஸுல வா" என்றேன். பிறந்ததிலிருந்து 'நீங்க' என்று பேசியவரிடம்.

"ஒன் மதினிக்கு வேண்டுனது என்னடா ஆகும்?"

"மாதா ஒன் காலப் பாத்துட்டு விட்டுருவாக."

அவர் டீயை ஊதிக் குடித்தார். நான் ஓடிப்போய் சப்பரத்தோடு சேர்ந்துகொண்டேன். அண்ணன் பஸ்ஸில் வருகிறார் என்று குழுவில் சொன்னேன். அவர் பஸ் ஏறமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

கொடி ஏறியது. கொடிமரம் பின்னால் தெரிய ஒரு போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப்பில் போட்டேன். உடனே மதினி கேட்டார்: "அவுக எங்க? மாத்திர போட்டாகளா?"

அப்போதுதான் பை ஞாபகம் வந்தது. அது வேனில் வந்து, விடுதியில் என் தலைமாட்டில் கிடந்தது. திறந்து பார்த்தேன். மாத்திரை அட்டை இருந்தது. சார்ஜ் தீர்ந்த அவருடைய செல்லும் இருந்தது. "பின்னாடி வர்றாக, நல்லாருக்காக" என்று மதினிக்குப் பதில் போட்டேன். உடனே பஸ் பிடித்துத் திரும்பிப் போய்த் தேடியிருக்கலாம். போகவில்லை. கால் வலிக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு படுத்தேன்.

கொடி ஏறிய இரண்டாம் நாள் மத்தியானம் அண்ணன் வந்தார். நடந்தேதான் வந்தார். காலில் துண்டைச் சுற்றி, எங்கேயோ ஒடித்த கருவேலங்கம்பை ஊன்றி வந்தார். கோயில் வாசலில் என்னைப் பார்த்து, "கொடி அங்கனதான்டா இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

தேனிக்கு வந்து பெருவிரலை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் தனியாக ஏன் நடந்து வந்தீர்கள் என்று மதினி அழுதபடி கேட்டபோது, அண்ணன் "நாந்தான் இவனப் போகச் சொன்னேன்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். அந்த ஆட்டலைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. மன்னிக்கச் சொல்லி அவரிடம் யார் கேட்டது?

போன வருடம் கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு, புதிதாக வருபவர்களுக்கு அனுபவத்தைச் சொல்லச் சொல்லி மைக்கை என் கையில் கொடுத்தார்கள். சொன்னேன். டீக்கடை, பஸ், பை, வாட்ஸப், எல்லாவற்றையும் சொன்னேன். முன்வரிசையில் இருந்த அண்ணன் எழுந்துவிட்டார்.

"ஏலே, நிறுத்து. சபையில வச்சு என்னையப் பொய்க்காரனாக்குறியா? ஒன் பாரத்த எறக்கி வைக்க இதுதான் எடமா?"

அவர் நொண்டியபடியே வெளியே போனார். மதினி மட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்.

"அப்ப அந்தப் பை ஒங்க கிட்டத்தான் இருந்துச்சு?"

"ஆமா மதினி."

"நல்லாருக்காகன்னு போட்டீகளே?"

"ஆமா."

சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு அவரும் போய்விட்டார். பக்கத்து வீடுதான். ஏழு மாதமாக என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமலே இருக்கட்டும். அன்றைக்கு என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டவன் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டான்.