பீடி தொடாதவள்

எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் இருமலுக்கு மருந்து குப்பனூர்தான். மழைக்காலத்தில் யாராவது விடாமல் இருமினால், மலையடிவாரத்தில் இருக்கும் அந்த ஊர்ச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். கீழே வெயில் பட்டால் சளி இளகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. அம்மாவையும் அப்படித்தான் சித்தி வீட்டுக்கு அனுப்பினோம். இருமல் அவளோடு போய், அவளோடே பஸ் ஏறித் திரும்பி வந்தது. இந்த வருஷம் பனி அதிகம் என்று எங்களையே சமாதானப்படுத்திக்கொண்டோம்.

எங்கள் பயமெல்லாம் அப்பாவைப் பற்றித்தான். காப்பிச் செடியில் கிளை வெட்டிக் கவாத்து செய்யும்போதுகூட வாயில் பீடி இருக்கும். "உங்க நெஞ்சு அடுப்புக்கரியாட்டம் இருக்குமுங்க" என்று அம்மா திட்டாத நாளில்லை. அவளோ ஈர விறகை ஊதி ஊதிச் சமைப்பவள். கேஸ் அடுப்பு விருந்தாளி வந்தால் மட்டும். அந்தப் புகையை நாங்கள் யாரும் புகையாகவே நினைக்கவில்லை.

ஒருவழியாக அப்பாவைச் சம்மதிக்க வைத்து, நெஞ்சைப் பரிசோதிக்கச் சேலத்துக்குக் கூட்டிப்போனேன். துணைக்கு வந்த அம்மா இருமுவதைக் கேட்டு, டாக்டர் அவளுக்கும் நெஞ்சுப் படம் எடுக்கச் சொன்னார்.

"அவருக்கு ஒண்ணுமில்லைங்களே?" அதுதான் அம்மா கேட்ட முதல் கேள்வி. இல்லை என்றதும் என் கையைச் சந்தோஷமாகக் கிள்ளினாள். பிறகுதான் டாக்டர் அவளுடைய படத்தை வெளிச்சத்தில் மாட்டினார்.

மற்ற சோதனைகளும் முடிந்து, நுரையீரல் புற்றுநோய் என்றார்கள். முற்றியிருந்தது. பீடியே தொடாதவளுக்கு எப்படி என்று கேட்டேன். அடுப்புப் புகையாக இருக்கலாம், பக்கத்தில் இருப்பவர் விடும் புகையாக இருக்கலாம், இது எதுவும் இல்லாமலும் வரலாம் என்றார் டாக்டர்.

அப்பா எழுந்து நின்றார். "ஏனுங்க, படம் ரெண்டும் மாறிப்போச்சுங்க. நல்லாப் பாருங்க. அது என்னுதுங்க."

அவருக்காக மறுபடி எடுத்தார்கள். எதுவும் மாறியிருக்கவில்லை.

கோடை மழைக்குக் காப்பி பூப்பதற்குள் அம்மா போய்விட்டாள். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அப்பாமேல் பாய்ந்தேன். அந்த மனுஷன் அதற்காகவே காத்திருந்தவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

துக்கம் விசாரிக்க இன்னும் ஆட்கள் வருகிறார்கள். என்ன நோய் என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்தம்மாவுக்குப் பீடிப் பழக்கம் இருந்துச்சுங்களா?" என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொள்வார்.

"அவ குடிக்கலைங்க. குடிச்சது நானுங்க."