என் ஃபைலில் அண்ணன் நம்பர்

மனநலப் பிரிவிலிருந்து என்னை டிஸ்சார்ஜ் செய்த அன்று, அவ்வப்போது போன் செய்து விசாரிப்போம், அடுத்து எப்போது வரவேண்டும் என்பதையும் போனிலேயே சொல்வோம் என்றார்கள். இரண்டு மாதமாகியும் ஒரு போன் வரவில்லை. முதலில் விட்டது தொல்லை என்றிருந்தது. பிறகு எரிச்சல் வந்தது. அவ்வளவுதானா நான்?

மூன்றாம் மாதம் தூக்கம் குறைந்தது. எனக்கு நோய் திரும்புவதென்றால் அப்படித்தான் ஆரம்பிக்கும். ஒரே நாளில் அலமாரியை மூன்று முறை அடுக்கினேன். கழக்கூட்டம் என்ற ஊரிலுள்ள ஆபீசுக்குப் போகும் பஸ்ஸில், சீட் காலியாக இருந்தும் நின்றுகொண்டே போனேன். அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். அவர் ஒன்றையும் கவனிக்கவில்லை. மதினி மட்டும், "என்ன பிள்ளே, இப்படி நெலகொள்ளாம நடக்கே?" என்று கேட்டார். அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

பொறுக்க முடியாமல் ஒரு திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, நானே ஆஸ்பத்திரியில் போய் நின்றேன். நர்ஸ் பாறசாலைக்காரர், தமிழையும் மலையாளத்தையும் கலந்தே பேசுவார்.

"நாலு தடவை போன் விளிச்சோமே! உங்க சேட்டன்தான் எடுத்து, ஆளுக்குச் சுகம்தான்னு சொல்லி வச்சாரு. வரவேண்டிய தேதியும் அவருகிட்ட பறஞ்சோம்."

ஃபைலைத் திருப்பிக் காட்டினார். நோயாளியின் போன் என்ற இடத்தில் வெறும் கோடு. உடனிருப்பவர் என்ற இடத்தில் அண்ணன் நம்பர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சேர்த்த அன்று என்னிடம் கேட்டிருக்க முடியாது, சரி. வெளியே அனுப்பிய அன்று கேட்டிருக்கலாமே. வாயும் இருந்தது, போனும் இருந்தது.

அங்கிருந்தே அண்ணனைக் கூப்பிட்டேன். சாலை பஜாரில் அவருக்குத் துணிக்கடை.

"ஏன் அண்ணே என்கிட்ட சொல்லல?"

"கடையில ஆளு நிக்கும்போதுதான் விளிக்காங்க. தங்கச்சிக்குச் சுகமில்லன்னு அத்தன பேருக்கும் கேக்க நான் எப்படிம்மா சொல்லட்டும்? ஆஸ்பத்திரிய மறந்தாத்தான் நீ நேராவேன்னு நெனச்சேன்."

போனை வைத்தேன். அவரை நினைத்தால் பாவமாகவும் இருந்தது. அதை ஒத்துக்கொள்ளத்தான் மனமில்லை.

"அவரு நம்பர வெட்டிட்டு என் நம்பர எழுதுங்க சிஸ்டர்."

எழுதினார். பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார். "இனியும் சுகமில்லாம வந்தா, நீங்க போன எடுப்பீங்களா?"

போன தடவை, யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று அப்போதிருந்த போனை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தவள் நான். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"எடுக்க மாட்டேன்."

"அப்போ ரெண்டாவதா ஒரு நம்பர் வேணும். உள்ளதச் சொல்ற ஆளா பாத்துக் குடுங்க."

பெஞ்சில் உட்கார்ந்தேன், எழுந்தேன், தண்ணீர்க் குழாய் வரை நடந்து திரும்பினேன். ஆபீஸ் தோழிகளுக்கு நான் டைபாய்டில் கிடந்ததாகத்தான் தெரியும். அண்ணனைப் போட்டால் மறுபடியும் சுகம்தான் என்பார். நான் சரியில்லை என்பதைப் பார்த்து, முகத்துக்கு நேராகக் கேட்டவர் ஒருவர்தான். வெட்கமாக இருந்தது. இருந்தாலும் மதினியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"நம்பரு குடுக்கதுல எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா அவங்க கேட்டா நான் உள்ளதச் சொல்லிருவேன். அப்பொறம் என்னைக் காட்டிக் குடுத்துட்டீங்களேன்னு நீ சண்டைக்கு நிப்பே."

"நிப்பேன் மதினி," என்றேன். "அப்ப நான் என்ன சொன்னாலும் கேக்காதீங்க. சொல்லிருங்க."

"அப்பம் இப்பவே அந்த சிஸ்டர்கிட்ட போனக் குடு. நீ உறங்கி நாலு நாளாச்சு."

போனைக் கொடுத்தேன்.