முனாபின் கனடா எஞ்சின்

ஓட்டமாவடியில் தையல் மெஷின் பழுதானால் முனாபிடம்தான் போக வேண்டும். அதில் யாருக்கும் மறுபேச்சுக் கிடையாது. அதே மனிதர், ஐம்பதைத் தாண்டிய வயதில், கடைக்குப் பின்னாலுள்ள அறையில் விளையாட்டு ரயில் ஓட்டுகிறார் என்றால் மட்டும் ஊர் சிரிக்கும். சிரிக்கிறவர்களை ஒரு தடவை அந்த அறைக்குள் பிடித்துத் தள்ளிவிட வேண்டும். பிறகு சிரிக்க வாய் வராது.

அறையின் நீளத்துக்கு ஒரு மேசை. அதன் மேல் ஓட்டமாவடியின் பழைய பாலம், ரயிலும் பஸ்ஸும் மாட்டுவண்டியும் ஒரே வழியில் போன காலத்துப் பாலம். ரயில் வரும் நேரம் பாலத்தின் வாயில் தடுப்புக் கேற்றைப் போட்டுவிடுவார்கள். மற்ற எல்லாம் நிற்கும். சிறு வயதில் முனாப் அந்த கேற்றில் நெஞ்சை வைத்துக்கொண்டு, அக்கரையில் புணானைப் பக்கம் ஒரு புள்ளி தெரிகிறதா என்று பார்த்து நிற்பார். புள்ளி எஞ்சினாகும். எஞ்சின் மலையாகும். பாலம் உதறும், அவருடைய வயிறும் சேர்ந்து உதறும். அந்தப் பிரமிப்பு இன்றுவரை அவரை விட்டுப் போகவில்லை.

சவூதியின் தம்மாமுக்கு ஏசி திருத்தப் போயிருந்த காலத்தில், பழைய சாமான் சந்தையொன்றில் முதல் எஞ்சினைக் கண்டார். உள்ளங்கையில் அடங்கிய ஜேர்மன் நீராவி எஞ்சின். சக்கரத்தை விரலால் உருட்டினால் தண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக அசைந்தன. மனிதன் இதையும் செய்வானா என்று நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். மற்றவர்கள் நகையும் கம்பளியுமாக ஊர் திரும்பினார்கள். இவர் எஞ்சினைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்து இறங்கினார்.

மனைவி நபீஸா எஞ்சினைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "நம்மட புள்ளையள் வளந்திட்டுதுகளே, இது ஆருக்கு?" என்று மட்டும் கேட்டாள். அன்று முதல் அந்த அறை வாசலைத் தாண்டியதில்லை. தேநீர்த் தட்டைக்கூட வாசலில் கிடக்கும் முக்காலியில் குனிந்து வைத்துவிட்டுப் போய்விடுவாள். அவளும் அதே கேற்றில் காத்து நின்று வளர்ந்தவள்தான். ஒரே ஒரு தடவை அவள் இதைப் பார்த்து அசந்து நிற்க வேண்டும். முனாபின் மனதிலிருந்த ஆசை அது ஒன்றுதான்.

கூட்டாளி, அவரை அண்ணனாக எண்ணி 'நானா' என்று கூப்பிடும் கல்லடி ஊர் ஜெயரூபன். மருந்துக்கடையில் வேலை, தலைக்குள் இதே பைத்தியம். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்த பிறகு, புதிதாக அகப்பட்டதைக் காட்டிக்கொள்ள இருவரும் கூடுவார்கள். அதற்கொரு முறையும் வைத்திருந்தார்கள். வந்த பார்சலைச் சொந்தக்காரன் பிரித்துப் பார்க்கக் கூடாது. மற்றவன் கண்ணை மூடி உள்ளே கைவிட்டு, தடவியே இன்னதென்று சொல்ல வேண்டும்.

அப்படியொரு வெள்ளி, முதலில் ஜெயரூபனின் பார்சல். முனாப் தடவினார்.

"பெட்டி. மூண்டாம் வகுப்பு. யன்னல் திறந்து கிடக்கு."

கண்ணைத் திறந்து யன்னலுக்குள் பார்த்தார். நெல்மணியளவு மனிதன் ஒருவன் உள்ளே பேப்பர் விரித்து வைத்திருந்தான்.

"சுபுஹானல்லாஹ்! இவன்ட மூக்குக் கண்ணாடியப் பாரன் தம்பி!"

அவன் என்ன செய்தி வாசிக்கிறான் என்று இருவரும் லென்ஸ் வைத்துத் தேடாத குறைதான்.

பிறகு முனாபின் பார்சல். பிரேசிலில் ஒருவர் அனுப்பியது. உள்ளே இருப்பது கனடா எஞ்சின், கனடாவிலிருந்து வந்து இங்கே ஓடிய டீசல், சிறு வயதில் அவர் வயிற்றை உதறவைத்த அதே வகை. அதற்கு மாற்றாகத் தன் ஜேர்மன் எஞ்சினைக் கொடுத்துவிட்டார். ஜெயரூபன் கைவிட்டுப் பஞ்சைக் கிளறினான். விரல் நின்றது. முகம் சுருங்கியது.

"நானா, இதிட அளவக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. படத்தைப் பார்த்ததும் மனிதர் மயங்கிவிட்டார். ஒரே எஞ்சினைப் பெரிதாகவும் செய்வார்கள், அதில் பாதியளவிலும் செய்வார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு இதைப் படித்துப் படித்துச் சொல்வதே முனாப்தான். வந்திருந்தது சின்னது. தண்டவாளத்தில் வைத்தால் இரண்டு கம்பிக்கும் நடுவே விழுந்து கிடந்தது.

"திருப்பி அனுப்புவமா?"

"என்னெண்டு அனுப்புற? அவர் ஏமாத்தல்லயே. நான்தான் கேக்கல்ல."

ஜேர்மன்காரனும் போய்விட்டான், கனடாக்காரனும் கைகொடுக்கவில்லை.  வெட்கத்தை விட்டுச் சொன்னால், முனாப் கொஞ்சம் அழுதார். எஞ்சினை மேசையின் அந்தக் கோடியில், அக்கரையில், எங்கேயோ வைத்துவிட்டு, வாசல் பக்கக் கோடிக்கு வந்து மேசையில் கன்னத்தைச் சாய்த்தார். சாய்த்தவர் அசையவில்லை.

"தம்பி, இஞ்ச வா. குனிஞ்சு பாரு."

ஜெயரூபன் குனிந்தான். பாலத்துக்கு அப்பால், ஆற்றுக்கு அப்பால், வெகுதூரத்தில் கனடா எஞ்சின் வந்துகொண்டிருந்தது. வைத்த இடத்தில் நின்றதுதான், ஆனாலும் வந்துகொண்டிருந்தது. எஞ்சின் சிறுத்ததில் மேசை மைல் கணக்கில் நீண்டு புணானைக் காடு வரைக்கும் போய்விட்டது. அவனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"ஐயோ நானா," என்றான். அவனும் மேசையில் கன்னத்தைச் சாய்த்தான்.

அடுத்த மாதம் ஜெயரூபனின் பார்சலுக்குள் ஒடுங்கிய தண்டவாளம் இருந்தது. முனாபும் சும்மா இருக்கவில்லை. தன்னிடமிருந்த பெரிய டீசல் எஞ்சினுக்கும் இந்தச் சின்னதுக்கும் ஒரே சாயம் பூசி வைத்திருந்தார். சின்னது அக்கரையில் புறப்பட்டு, ஆற்றோரத்துக் கண்ணாப் பற்றைப் புதருக்குள் மறைய வேண்டும். மறைந்த கையோடு, பற்றையின் இந்தப் பக்கத்தால் பெரியது பெட்டிகளோடு வெளிப்பட்டுப் பாலத்தில் ஏற வேண்டும். சின்னதன் சுவிட்சில் ஜெயரூபன், பெரியதன் சுவிட்சில் முனாப். முந்தினாலும் பிழை, பிந்தினாலும் பிழை. பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லும் வரைக்கும் பிழையாகவே போனது.

நபீஸா தேநீரோடு வந்தபோது முனாப் மறுபடியும் மேசைப் பாலத்தின் குட்டிக் கேற்றை விரலால் இறக்கினார். சின்ன எஞ்சின் புறப்பட்டது. முக்காலியில் தட்டை வைக்கக் குனிந்தவளின் கண்கள் மேசை மட்டத்துக்கு வந்தன. அக்கரையில் ஒரு புள்ளி. அவள் தட்டை வைக்கவில்லை. புள்ளி எஞ்சினாகி, பற்றைக்குள் போய், வெளியே வரும்போது மலையாக வந்தது. பாலம் உதறியது. கேற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு குட்டி பஸ்ஸும் மாட்டுவண்டியும் நின்றன. அவற்றுக்குப் பின்னால் நபீஸாவும் நின்றாள்.

"அக்கா, தேத்தண்ணி ஆறப்போகுது. உள்ளுக்கு வாங்களன்," என்றான் ஜெயரூபன்.

"பொறு தம்பி, கேற் போட்டிரிக்கு. ரயில் போகட்டும்," என்றாள், கண்ணை எடுக்காமல்.

கடைசிப் பெட்டியும் கடந்து போனது. முனாப் விரலால் கேற்றைத் தூக்கினார். அதற்குப் பிறகுதான் நபீஸா வாசலைத் தாண்டினாள்.