வாப்பாவின் அசல் அட்டை

மகளுக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் மறுபடியும் விளக்கினார்: டிஎன்ஏ செல்லின் உட்கருவை விட்டு வெளியே வராது, அதன் நகல்தான் வெளியே வந்து புரதம் செய்யவைக்கும், இவளுக்கு டிஎன்ஏவிலேயே பிழை, அதனால் ரத்தத்துக்கான புரதம் சரியாக உருவாவதில்லை.

அவருடைய தோல்பையின் வாடை என்னைத் தாராவிக்கு, என் வாப்பாவின் தோல்பைப் பட்டறைக்கு இழுத்தது. பைக்குத் தோல் வெட்ட அளவாக வைத்திருந்த அசல் அட்டையை வாப்பா யாரிடமும் தரமாட்டார். காகிதத்தில் நகல் வரைந்துதான் வெட்டுகிறவர்களுக்குக் கொடுப்பார். ஒருமுறை எல்லாப் பைகளும் கோணலாக வந்தன. ஆட்களை ஏசிவிட்டுப் புது நகல் வரைந்தார், அதுவும் கோணல். அட்டையின் ஓரத்தை எலி கடித்திருந்தது.

"அசலே போச்சு. அவனுவள ஏசி என்ன செய்ய?" என்றார் அலுப்பாக. அன்றைக்கே பழைய பை ஒன்றைப் பிரித்துவைத்துப் புது அட்டை வெட்டிவிட்டார்.

"அடுத்த மாசமும் வரணுமா வாப்பா?" என்றாள் மகள்.

"வரணும்மா."

அவளுடைய அசல், நானும் அவள் உம்மாவும் கொடுத்தது.