ஆயுத பூஜையில் ஜப்பான் கத்தி

ரங்கூனில் நான் ஆசையாக வாங்கி வைத்திருந்த ஜப்பான் குறுவாளைப் பார்க்கும்போதெல்லாம், "எலுமிச்சம்பழம் நறுக்கவா மச்சான்?" என்று சிரிப்பார் என் மனைவியின் அண்ணன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேண்டுமென்றே ஆயுத பூஜையில் அதை அரிவாள்மணைக்குப் பக்கத்தில் வைத்து, உறைக்குச் சந்தனம் இட்டேன்.

எங்கள் தெருவில் படம் பிடிக்கும் ஜப்பான்காரர் சுண்டலுக்கு வந்தார். குறுவாளை இரு கைகளிலும் ஏந்தித் தலை வணங்கினார். பிறகு மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்துப் பிடியைக் கழற்றினார். உள்ளே துருவேறிய இரும்பில் எழுத்துகள் வெட்டியிருந்தன.

"செய்தவர் பெயர். அசல்," என்றார் பர்மிய மொழியில்.

துருவைத் தேய்க்கப் புளியோடு ஓடிவந்தாள் என் மனைவி. "ஐயோ, துருதான் வயதுக்குச் சாட்சி!" என்று ஜப்பான்காரர் தடுத்தார்.

மச்சான் கையை நீட்டினார். "நானும் பாக்கட்டுமா?"

"முதல்ல கும்பிடுங்க," என்றேன்.

கும்பிட்டார்.