சாரல் நேரத்தில் வந்த ஆய்வு

தென்காசியில் பழைய அரசுக் குடியிருப்பின் கூரை பெயர்ந்து விழுந்த மறுநாள், நான் வழக்கமாக உட்காரும் டீக்கடைக்கு ஒரு கூட்டமே வந்தது. யாருக்கும் அடிபடவில்லை. அதனால் அரசாங்கம் பதறாமல் யோசித்து, கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தருவதாகவும், அதுவரை வெளியே குடியிருக்க மாதாமாதம் வாடகை உதவி வரும் என்றும் அறிவித்தது. வெளியே வீடு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் அறிவிக்கவில்லை. அதற்குத்தான் நான் இருந்தேன், வீட்டு புரோக்கர்.

கூட்டத்தில் பேச்சியம்மாளும் இருந்தாள். கணவன் இசக்கி குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளி. மகள் அடுத்த வருஷம் பிளஸ் டூ. வாடகை ஒப்பந்தம் காட்டினால்தான் உதவி கிடைக்கும். வீடு கிடைக்காவிட்டால் பிள்ளையைச் சிவகிரியில் அத்தை வீட்டில் விட வேண்டியதுதான். அங்கே போனால் படிப்பு நின்று கல்யாணப் பேச்சு தொடங்கிவிடும் என்று பேச்சியம்மாள் பயந்தாள்.

"அண்ணாச்சி, ஓட்டு வீடோ தகர வீடோ, பிள்ளை உக்காந்து படிக்க ஒரு லைட்டு இருந்தாப் போதும்" என்றாள்.

1. சாஸ்தா இன்டர்வியூ

எங்கள் ஊர்ப்பக்கம் வீட்டுச் சொந்தக்காரர்கள் சாதி கேட்க மாட்டார்கள், நாகரிகமானவர்கள். "உங்க சாஸ்தா எங்கன இருக்கு?" என்றுதான் கேட்பார்கள். பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வமான சாஸ்தாவைக் கும்பிட எந்தக் கோயிலுக்குப் போகிறோம் என்று சொன்னால் போதும், மிச்சத்தை அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

பேச்சியம்மாள் உள்ளதைச் சொன்னாள். முதல் வீட்டுக்காரருக்கு மருமகன் குடிவரப்போவது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அடுத்த வீட்டில் போர் தண்ணீர் அந்த நிமிஷமே வற்றிவிட்டது. இலத்தூரில் ஒருவர் சாஸ்தாவைத் தாண்டி வந்து, வாடகை உதவியில் முட்டிக்கொண்டு நின்றார்.

"கவர்மெண்டு பணமாவே? அது எங்க வரப்போவுது?"

"வரும் அண்ணாச்சி" என்றேன்.

"வருமா? அப்பம் வாடகையைக் கூட்டித்தான் சொல்லுவேன்."

2. பத்து மாத வீடு

கடைசியில் குற்றாலத்தில் ஒரு வீடு அமைந்தது. சொந்தக்காரர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் சாஸ்தாவைப் பற்றிக் கேட்கவே இல்லை. சீசன் இல்லாத மாதங்களில் குற்றாலத்து வீட்டுக்காரர்களுக்குச் சமத்துவம் தானாக வந்துவிடும். ஒரே ஒரு கண்டிஷன்தான்.

"சாரல் விழுந்துட்டா வீட்டை நாள் வாடகைக்கு விட்டுருவேன். அந்த ரெண்டு மாசமும் இவங்க பின்னால விறகுக் கொட்டகையில இருந்துக்கிடணும். வாரவுகளுக்குப் பேச்சியம்மா சமைச்சுப் போடட்டும், இசக்கி எண்ணெய் தேச்சு விடட்டும்."

"அந்த ரெண்டு மாசத்துக்கு வாடகை உண்டா சார்?"

"கொட்டகையைச் சும்மாவா குடுப்பாவ?"

ஒப்பந்தத்தில் கொட்டகையைப் பற்றி ஒன்றும் இல்லை. சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். பேச்சியம்மாளுக்கு வேறு வழியில்லை, குடும்பத்தோடு குடிவந்தாள். வாடகை உதவியும் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தது.

3. எண்ணெய்த் தலையோடு ஒரு விசாரணை

வருஷம் முழுக்க எங்கள் பக்கம் தலைவைத்துப் படுக்காத அதிகாரிகள், சாரல் விழுந்ததும் ஆய்வுக்கு வருவார்கள். குடும்பத்தோடு வருவார்கள். இதில் எந்தத் துறைக்கும் வித்தியாசம் கிடையாது. அந்த ஆனியில் லாட்ஜ்கள் எல்லாம் நிரம்பி வழிந்தன. தலைமையாசிரியர் எனக்குப் போன் போட்டுப் பெருமைப்பட்டார்.

"மெட்ராஸ்ல இருந்து பெரிய ஆபீசர் குடும்பத்தோட வந்து நம்ம வீட்டுலதான் தங்கியிருக்காவ."

"எந்த ஆபீஸ் சார்?"

"பெரிய ஆபீசர்ட்ட அதையெல்லாம் கேக்கலாமாவே?"

மறுநாள் காலையில் வாடகை உதவி ஆபீஸ் கிளார்க் கூப்பிட்டார். சென்னை அதிகாரி, உதவி வாங்குகிறவர்களின் வீடுகளை நேரில் பார்க்கப்போகிறாராம். ஒப்பந்தத்தில் உள்ள வீட்டில் ஆள் இல்லையென்றால் உதவி அன்றோடு நின்றுவிடும். சாட்சி போட்ட நான்தான் பேச்சியம்மாள் வீட்டைக் காட்ட வேண்டும். "மொதல்ல சார் தங்கியிருக்க வீட்டுக்கு வாங்க, அங்கன இருந்து போவோம்" என்று ஒரு விலாசம் சொன்னார். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்திலும் அதே விலாசம்தான்.

போனபோது அதிகாரி துண்டைக் கட்டிக்கொண்டு முற்றத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். இசக்கி அவர் தலையில் எண்ணெய் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான்.

"அருவிக்குப் போறதுக்குள்ள இந்த ஒரு வீட்டை முடிச்சிடலாம். எவ்வளவு தூரம்?" என்றார்.

கிளார்க் கதவு நம்பரை வாசித்தார். வாசித்துவிட்டு வாசல் நிலைக்கு மேலே எழுதியிருந்ததைப் பார்த்தார். மறுபடி வாசித்தார். நம்பர் மாறவில்லை.

"பயனாளி யாருய்யா?" என்றார் அதிகாரி, குரல் இறங்கிப்போய்.

"எம் பொண்டாட்டிதான் சார்" என்றான் இசக்கி, கையை நிறுத்தாமல்.

பேச்சியம்மாள் இட்லித் தட்டோடு கொட்டகையிலிருந்து வந்தாள். "இப்ப எங்கம்மா தங்கியிருக்கீங்க?" என்று அதிகாரி கேட்டார். ஏதாவது பொய் சொல்லிவிடேன் தாயே என்று நான் மனசுக்குள் கும்பிட்டேன்.

"கொட்டகையில சார். வீட்டுல நீங்கல்லா இருக்கிய?"

அதிகாரி கிளார்க் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். வீட்டில் வேறு ஆள் இருப்பதாக எழுதினால், அந்த ஆள் யார் என்றும் எழுத வேண்டும். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். 'பயனாளி மேற்படி வீட்டில் தொடர்ந்து குடியிருந்து வருகிறார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, ஒரு நகலைப் பேச்சியம்மாளிடம் கொடுத்தார்.

அவள் அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அப்புறம், வீட்டுக்காரர்கள் குடியிருப்பவர்களிடம் கேட்கிற கேள்வியை அவள் அவரிடம் கேட்டாள்.

"சார், எப்பம் காலி பண்ணுவிய? கொட்டகையில லைட்டு கெடையாது. பிள்ளைக்கு நாளைக்கு மாசப் பரீட்சை."

அதிகாரி குடும்பம் மதியமே கிளம்பிவிட்டது. சாயங்காலம் அந்தப் பிள்ளை முன்னறையில் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க நானும் வாசலில் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்து, அடுத்த கிராக்கியை ஒரு வேனில் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியர் வந்து இறங்கினார். பேச்சியம்மாள் கேட்டைத் திறக்கவில்லை.

"இங்கன ஆள் குடியிருக்கு சார். ஆபீசரே எழுதிக் குடுத்திருக்காவ."

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். "என்னவே இது, அக்கிரமம்?"

"பெரிய ஆபீசர் எழுதினதை நாம கேக்கலாமா சார்?" என்றேன்.

அந்தச் சாரல் முழுக்க அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். அதிலிருந்து நான் முடிக்கிற எல்லா ஒப்பந்தத்திலும் 'சாரல் மாதங்கள் உட்பட' என்று ஒரு வரி சேர்த்தேன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களும் தவறாமல் சேருங்கள். அந்த வரியைச் சேர்த்த நாளிலிருந்து குற்றாலத்தில் எனக்கு ஒரு வீடுகூடக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.