மூன்றாவது சிலிண்டரில் இருந்த காயில்

என் மகளின் நர்சிங் சீட்டைக் கெடுத்தவன் நீ. போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில் தகரக் கொட்டகை போட்டு வண்டி பார்க்கிற நீ. கோயில் திருவிழாவில் மைக் பிடித்து, செருப்பை எங்கே விடுவது, வரிசை எங்கே தொடங்குகிறது என்று ஊருக்கே சொல்லித் தருகிற நீ. எனக்கு எழுத்து ஓடாது. அந்தமானின் ரங்கத் ஊரில் ரோடு வேலை மேஸ்திரி நான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சென்னைக் கல்லூரியில் அன்று மாலை ஐந்து மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு நேரில் நிற்க வேண்டும். அதுதான் கடைசி நாள். போர்ட் பிளேரிலிருந்து பதினொன்றரை மணிக்கு விமானம். முந்தின நாளே கிளம்பியிருக்கக் கூடாதா என்று பலர் கேட்டுவிட்டார்கள். சாதிச் சான்றிதழில் கையெழுத்து விழுந்ததே முந்தின நாள் சாயங்காலம். அப்போது கடைசி கான்வாய் போயிருந்தது. போர்ட் பிளேர் போகும் வழியில், ஜாரவாப் பழங்குடிகள் வாழும் காட்டுக்குள் நினைத்த நேரத்தில் போக முடியாது. குறித்த நேரத்தில் கேட் திறக்கும். வண்டிகள் போலீஸ் பின்னால் வரிசையாகப் போக வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது. ரங்கத் பஸ் இரண்டாவது கான்வாய்க்குத்தான் வந்து சேரும். விமானத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் முதல் கான்வாய். முதல் கான்வாய்க்கு என் கார்தான்.

அந்தக் காரை முந்தின வாரம்தான் உன்னிடம் பிரேக் பார்க்க விட்டிருந்தேன். இரண்டு நாள் உன் கொட்டகையில் நின்றது.

விடியுமுன் கிளம்பினோம். கதம்தலா தாண்டியதும் ஸ்டீயரிங் என் கையில் நடுங்கியது. மீட்டரில் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. மேட்டில் இரண்டாவது கியரில்கூட இழுக்கவில்லை. பின்னாலிருந்து எரியாத பெட்ரோல் நாற்றம்.

“என்னப்பா, இப்படி ஆடுது?” என்றாள் மகள். மடியில் சான்றிதழ் ஃபைலை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“ஒண்ணுமில்ல. ரோடு சரியில்ல,” என்றேன். அந்த ரோட்டைப் போட்டவர்களில் நானும் ஒருவன். அவள் என்னைப் பார்த்தாள்.

பாராடாங் துறையில், வண்டிகளை அக்கரை ஏற்றிப் போகும் ஜங்காருக்காக வரிசையில் நின்றோம். எங்களுக்குப் பின்னால் பாக்கு மூட்டை ஏற்றிய பிக்கப். அதன் டிரைவர் ஒரு வங்காளி. கதவைக்கூடச் சாத்தாமல் இறங்கி வந்தான்.

“தாதா, ஏக் சிலிண்டர் மர் கயா,” என்றான். ஒரு சிலிண்டர் செத்துவிட்டதாம். பானெட்டைத் திறக்கச் சொன்னான்.

என் இன்ஜினில் நான்கு சிலிண்டர். ஒவ்வொன்றின் தலையிலும், பிளக்குக்குப் பொறி கொடுக்கிற காயில் ஒன்று உட்கார்ந்திருக்கும். அவன் இன்ஜினை ஓடவிட்டு ஒவ்வொரு காயிலின் ஒயரையும் கழற்றி மாட்டினான். முதலாவதைக் கழற்றியதும் இன்ஜின் இன்னும் மோசமாகக் குலுங்கியது. அப்படியென்றால் அது வேலை செய்கிறது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றினான். எந்த மாற்றமும் இல்லை. முன்பு ஆடிய அதே ஆட்டம். நான்காவது சரி.

“தீன் நம்பர்,” என்றான். பிளக்கா காயிலா என்று தெரிய வேண்டும். இன்ஜினை அணைத்துவிட்டு, இரண்டாவது காயிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றிப் போட்டோம். மறுபடி ஓட்டினால் மூன்றாவது சிலிண்டர் சரியாக அடித்தது, இரண்டாவது செத்தது. காயில்தான்.

கழற்றிக் கையில் எடுத்தேன். பக்கவாட்டில் நீள விரிசல். அதன்மேல் யாரோ பசை பூசித் தேய்த்திருந்தார்கள்.

மகள் எட்டிப் பார்த்தாள். “அப்பா, இதுல புள்ளி இல்லையே.”

இந்தத் தீவில் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடுகிறவன் முதலில் என்ன செய்வான் என்று உனக்குத் தெரியும். பேட்டரி, ஸ்டெப்னி, காயில், எல்லாவற்றிலும், மாற்றினால் தெரியட்டும் என்று நெயில் பாலிஷ் புள்ளி வைப்பான். பொருள் கப்பலில் வர வேண்டும். கப்பல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் நிற்கிற வண்டியில் கழற்றி, அவசரமான வண்டிக்குப் போட்டு அனுப்புவீர்கள். கப்பல் வந்ததும் திருப்பி மாட்டுவீர்கள். என் மகள் தன் ரோஸ் பாலிஷால்தான் நான்கு காயிலிலும் புள்ளி வைத்தாள். மூன்றில் இருந்தது. இதில் இல்லை. வண்டியைத் திருப்பி எடுத்தபோது நான் பானெட்டைத் திறந்து பார்க்கவில்லை. நீ டீ வாங்கிக் கொடுத்தாய், ஊர்க்கதை பேசினாய், கான்வாய்க்கு நேரமாகிவிட்டது.

வங்காளி சிரித்தான். “மிஸ்திரி அப்னா ஆத்மி ஹை க்யா?” மெக்கானிக் உங்கள் ஆள்தானா என்று கேட்டான். ஆமாம், எங்கள் ராமநாதபுரம் பக்கம்தான் என்றேன். “ஹமாரா வாலா பீ ஏசா ஹீ சோர் ஹை,” என்றான். அவர்கள் மிஸ்திரியும் இதே மாதிரித் திருடன்தானாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காயிலைத் துடைத்து, விரிசல் மேல் இன்சுலேஷன் டேப்பை இறுக்கிச் சுற்றி மாட்டினோம். இன்ஜின் நான்கிலும் ஓடியது. மகள் கைதட்டினாள். ஜங்காரில் ஏறியபோது பிழைத்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

அக்கரை மிடில் ஸ்ட்ரெயிட்டில் இறங்கி மேடு ஏறும்போது டேப் விட்டது. சரியாகக் காட்டு கேட்டின் போலீஸ் சாவடிக்கு முன்னால் வண்டி குலுங்கியது. போலீஸ்காரர் பானெட்டில் கை வைத்துப் பார்த்தார்.

“யே காடி அந்தர் நஹீ ஜாயேகா. பீச் மே பந்த் ஹோ கயா தோ கோன் ஜிம்மேதார்?”

இந்த வண்டி உள்ளே போகாது, நடுக்காட்டில் நின்றால் யார் பொறுப்பு என்று கேட்டார். அவர்மேல் தப்பில்லை. நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். ஃபைலைத் திறந்து காட்டினேன். “சாப், பச்சி கா அட்மிஷன், சாப்.” பிள்ளையின் அட்மிஷன் என்றேன். அவர் அடுத்த வண்டியைப் பார்த்துக் கையசைத்தார்.

அப்போது அந்த வங்காளி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, முன்சீட்டில் ஒருவருக்கு இடம் இருக்கிறது, பெண்ணை ஏற்று, ஏர்போர்ட்டில் விட்டுவிடுகிறேன் என்றான். கான்வாய் ஃபாரத்தில் பெயர் சேர்த்தால் போதும் என்று போலீஸ்காரரும் சொல்லிவிட்டார்.

“நான் போறேம்பா,” என்றாள்.

அரை மணி நேரப் பழக்கம். யாரோ ஒரு ஆண். இரண்டு மணி நேரக் காடு. துறையில் எனக்கு வண்டி பார்த்துக் கொடுத்தவனை நான் அப்படி எடைபோட்டுக்கொண்டு நின்றேன். “அப்பா, சொல்லுங்கப்பா,” என்றாள். சரி என்று சொல்ல நான் வாயெடுத்தபோது கேட் திறந்து வரிசை நகர்ந்தது. பிக்கப் போய்விட்டது. அவன் கையை வெளியே நீட்டி எதையோ சொல்லிக்கொண்டே போனான்.

அந்த இரண்டு நிமிடம் என்னுடையது. அதை உன் தலையில் கட்டவில்லை. ஆனால் அந்த இடத்தில் அப்படி நான் நிற்க நேர்ந்ததே, அது உன்னுடையது.

காரை அங்கேயே விட்டுவிட்டு இரண்டாவது கான்வாயில் பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். ஏர்போர்ட் வாசலில் இறங்கியபோது விமானம் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கல்லூரிக்கு போன் போட்டேன். நாளை வந்தால் சீட் இருக்காது, அடுத்தவருக்குப் போய்விடும் என்றாள் ஒரு பெண். மகள் அழவில்லை. ஃபைலில் இருந்த சான்றிதழ்களை வரிசை மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அங்கிருந்தே உன் கொட்டகைக்கு நடந்து வந்தேன். நீ மறுக்கக்கூட இல்லை.

“ஏண்ணே கத்துறீங்க? ஷிப் வந்ததும் புதுசு போட்டுத் தந்துருவேன். ரெண்டு வாரம் தாங்கும்னுதான் நெனச்சேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாடா?”

“நம்ம ஆளுதானேண்ணே! வெளியாளு வண்டியில கைய வச்சா சண்டைக்கு வந்துருவான். நீங்கன்னா பொறுத்துக்குவீங்கன்னுதான் எடுத்தேன்.”

இதைச் சொல்லிவிட்டு டீ சொல்லவா என்று கேட்டாய். என் மகள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கப்பல் வந்தது. புதுக் காயிலை பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்பினாய். நானே மாட்டினேன். கார் இப்போது சத்தமில்லாமல் ஓடுகிறது. மகள் ரங்கத் பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறாள். அடுத்தவர் பிள்ளைகளின் சான்றிதழ்களை நகல் எடுத்துக் கொடுக்கிறாள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று நான் சொன்னால் தலையாட்டுகிறாள். புதுக் காயிலில் புள்ளி வைக்கச் சொன்னேன். பாலிஷ் காய்ந்துபோச்சு என்றாள்.

ஒன்று சொல்லாமல் விட்டால் நான் யோக்கியன் இல்லை. போன வருடம் என் ஆல்டர்னேட்டர் போனபோது ஒரே மணி நேரத்தில் வேறொன்று மாட்டிக் கொடுத்தாய். அதில் பச்சைப் புள்ளி இருந்தது. யாருடையது என்று நான் கேட்கவில்லை. உன் கெட்டிக்காரத்தனத்தை ரங்கத் முழுக்கப் பெருமையாகப் பேசினேன்.

இந்தத் திருவிழாவுக்கு மகளோடு வருகிறேன். நீ மைக்கோடு நிற்பாய். முதலில் அதை என்னிடம் கொடு. பச்சைப் புள்ளிக்காரனிடம் எல்லார் முன்னாலும் நான் மன்னிப்புக் கேட்கிறேன். அப்புறம் மைக்கை நீ வாங்கு. என் மகள் ரோஸ் புள்ளி வைத்த காயிலை யார் வண்டிக்குப் போட்டாய், என்னிடம் ஏன் சொல்லவில்லை, நம்ம ஆள் என்றால் உனக்கு என்ன அர்த்தம்? போனில் வேண்டாம். டீக்கடையில் வேண்டாம். அத்தனை பேரும் கேட்க, அவள் முகத்தைப் பார்த்து, மைக்கில் பதில் சொல்.